எத்திராஜின் முதுகு தெரிந்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கம் போயிருந்தேன். என் வீட்டுக்காரரின் சித்தி மகன் துபாய்க்குக் கிளம்பினார். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். கிளம்பினவர் ஒருத்தர், அழுதவர்கள் பதிமூன்று பேர்... சரி, அதை விடுங்கள்.

மாடியில், வேடிக்கை பார்க்கிற இடத்தில், எனக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பெண் நின்றிருந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. அவள் புருஷனும் அதே விமானத்தில்தான் போகிறான் போலிருக்கிறது. அவன் படியேறுகிற நேரம் பார்த்துக் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்தாள். எங்கிருந்துதான் வந்தாரோ அந்தப் போலீஸ்காரர்!

"எம்மா! இங்க போட்டோ எடுக்கக்கூடாது. போர்டு பாக்கல?"

பெண் போர்டைப் பார்த்தாள். பிறகு விமானத்தைப் பார்த்தாள். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

என் முகம் ஏன் சூடாக வேண்டும்? சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த போர்டைப் பார்க்காதவள்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை — இரண்டு வருஷம்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களிடம் எதையெல்லாமோ சொல்லியிருக்கிறேன். நான் கருக்கிய குழம்பு, ரயிலில் தொலைத்த குடை, என் குறட்டை உட்பட. இதை மட்டும் எழுதியதில்லை. "என் வேலைக்கு உலை வெச்சிடாதே" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் அவருக்குப் பிரமோஷன் வந்துவிட்டது. இனி எழுதலாம்.

கல்யாணமாகி நான் போன ஊர் சோழவரத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாமே. நான் பெரம்பூரில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். மாமியார் வீட்டில் முதல் நாள் காலை, கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கூரையையே பிய்த்துக்கொண்டு போவதுபோல் ஒரு சத்தம். வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். உள்ளேயிருந்து மாமனார் வெளியே ஓடி வந்தார். வாசற்படியில் மோதிக்கொள்ளாதது கடவுள் புண்ணியம்.

"பயப்படாதம்மா... டகோட்டா!"

ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெயரைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார். கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

எங்கள் வயலை ஒட்டி ஒரு விமானத் தளம் இருந்தது. பெரிய சண்டையின்போது வெள்ளைக்காரன் போட்டது. ரொம்பக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நீளமாக ஒரு சிமெண்டு ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, துணிக்குழாய் தொங்கும் ஒரு கம்பம். சுற்றிலும் மூன்று வரி முள்கம்பி. 'தடை செய்யப்பட்ட இடம் — புகைப்படம் எடுக்கக் கூடாது' என்று ஒரு போர்டு. அவ்வளவுதான்.

மாதத்துக்கு டகோட்டா மாதிரி ஒன்றிரண்டு ராணுவ விமானங்கள் வந்து இறங்கிப் போகும். பூச்சி விழுகிற பருவத்தில், பயிருக்கு மருந்து தெளிக்கிற அரசாங்க விமானம் வந்து சில வாரம் தங்கும். ஒற்றை ஆள் உட்காருகிற மஞ்சள் விமானம். மற்ற நாட்களில்? அறுவடை முடிந்ததும் ஊரே அந்த ஓடுபாதையில்தான் நெல் காயப்போடும். விமானச் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அது போனதும் மறுபடி பரப்புவார்கள். இப்படி ஒரு ராணுவ ரகசியம்!

மாமனாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நெல் விவசாயம். யாரோ உறவுக்காரர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டிக் கேமரா அவரிடம் இருந்தது. இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். வருகிற விமானத்தையெல்லாம் எடுப்பார். ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு அவர் கையில் நடுக்கம் வந்திருந்தது. அதனால் படத்தில் வால் இருந்தால் மூக்கு இருக்காது. மூக்கு இருந்தால் இறக்கை இருக்காது. சிலவற்றில் வானம் மட்டும். ஆனாலும் ஒவ்வொன்றையும் பிரிண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

ஒருநாள் எனக்கு அந்த டின்னைத் திறந்து காட்டினார்.

"எப்படிம்மா கீது?"

என்னத்தைச் சொல்வது? "சக்கரம் நல்லா விழுந்திருக்கு மாமா" என்றேன்.

 அவர் கேமராப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீ புடி. எனுக்கு கை நிக்க மாட்டேங்குது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். முதல் படத்திலேயே டகோட்டா வால் முதல் மூக்கு வரை முழுசாக விழுந்துவிட்டது. அந்தப் படத்தை அவர் ஊரெல்லாம் காட்டினார். ரகசியம் காக்கிற லட்சணம் அப்படி!

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, தலையில் அடித்துக்கொள்ள ஒரு கை போதவில்லை. "ஊருல மாமனாருங்க மருமவள காப்பித் தண்ணி குடுன்னு கேப்பாங்க. இந்த ஊட்ல ஏரோப்ளேன் புடிச்சிக் குடுன்னு கேக்குறாரு. யார் கிட்ட போயி சொல்றது?"

சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். எத்திராஜ்.

எத்திராஜ் அந்தத் தளத்தின் வாட்ச்மேன். பழவேற்காட்டுக்காரர். ஏரியில் வலை போடுகிற குடும்பம். ஒரு புயலில் படகு கவிழ்ந்து, ஒரு பகல் முழுக்க பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தவர். அதற்குப் பிறகு அவர் மனைவி அவரைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. இந்த வேலையில் சேர்ந்து, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் நிரந்தரம் ஆகியிருந்தது. காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி. விமானம் வரும்போது ஆடு, மாடு, ஆள், நெல் எல்லாவற்றையும் விரட்ட வேண்டும். ஓடுபாதையில் ஆபத்து என்றால் கொடியைத் தூக்கிக் காட்டி, இறங்காதே என்று பைலட்டுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் உத்தியோகம்.

எங்களைப் பார்த்தாலே விசில்தான்.

"இன்னா நைனா, திரும்பவும் பொட்டிய தூக்கினு வந்துட்டியா? போர்டுல இன்னா எழுதிக்கீது?"

"என் நெலத்துல நான் நிக்கறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

"நீ நில்லு. பொட்டி நிக்கக்கூடாது."

"எத்திராசு, அஞ்சு நிமிசம்."

எத்திராஜ் வானத்தைப் பார்ப்பார். தரையைப் பார்ப்பார். "நா அந்தாண்ட போறேன். நா ஒண்ணியும் பாக்கல" என்று திரும்பிக்கொள்வார். இதுதான் நடைமுறை. மோர் வேண்டுமென்றால் மட்டும் எங்கள் பக்கம் திரும்புவார்.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை.

பாகிஸ்தான் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேமராவும் கையுமாக நின்றால் ஒற்றன் என்று சொல்ல நாலு பேர் இருந்த காலம். தை மாதம். மஞ்சள் விமானம் அந்த வருஷ வேலையை முடித்து மறுநாள் கிளம்பப்போகிறது என்று எத்திராஜே வந்து சொன்னார். மாமனாருக்கு ஒரே ஏக்கம். கம்பிக்கு வெளியேயிருந்து எடுத்த படத்திலெல்லாம் குறுக்கே முள்கம்பி விழுந்திருந்தது.

"எத்திராசு, ஒரே ஒரு தபா உள்ள உடுடா. அது எறங்கி நேரா நம்ம பக்கம் ஓடியாறத மருமவ ஒண்ணே ஒண்ணு புடிச்சிக்கட்டும்."

"ஐயோ நைனா, என் வேலைக்கே ஒலை வெக்கிறியே..."

கெஞ்சல் அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் எத்திராஜ் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். "அந்தக் கம்பத்தாண்ட போயி நில்லுங்க. அசையக்கூடாது. ஆபீஸர் இன்னிக்கி மெட்ராஸ் போய்க்கிறாரு. ஜல்தியா முடிச்சினு கெளம்பிடணும்."

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வெயில் எங்கள் முதுகில் சாய்ந்து அடித்தது. ஓடுபாதையின் மேற்கு ஓரத்தில், துணிக்குழாய்க் கம்பத்துக்குக் கீழே நானும் மாமனாரும். எதிரே கிழக்கிலிருந்து மஞ்சள் புள்ளி ஒன்று இறங்கி வந்தது. நெல் காயப்போட்டவர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடுபாதை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் வடக்குப் பக்கத்து வேலியோரமாக ஓர் எருமை ஏறி வந்தது. அவசரமே இல்லாமல்.

எத்திராஜ் எங்களைத் தாண்டி ஓடினார். விசில் ஊதிக்கொண்டே ஓடினார். எருமையை விரட்ட நேரமில்லை என்று தெரிந்ததும் ஓடுபாதையின் நட்டநடுவில் நின்று, இரண்டு கையாலும் கொடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.  என் கைவிரல் தன் வேலையைச் செய்தது. அழுத்தினேன்.

கடைசி நொடியில் எத்திராஜ் பக்கவாட்டில் பாய்ந்தார். பைலட்டுக்கு அப்போதுதான் எருமை தெரிந்திருக்க வேண்டும். விமானத்தை ஒடித்துத் திருப்பினார். அது ஓடுபாதையைவிட்டு விலகி, வடிகால் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை விட்டு, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. முன்னால் சுழலும் விசிறி வளைந்துபோய்விட்டது. பைலட் நெற்றியில் ரத்தத்தோடு இறங்கி வந்தார். நல்லவேளை, அவ்வளவுதான் காயம்.

எருமை? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அது யார் வீட்டு எருமை என்று ஊரில் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஓடுங்க! ஊட்டுக்கு ஓடுங்க!" என்று எத்திராஜ் எங்களைப் பார்த்துக் கத்தினார். ஓடினோம். மாமனார் கேமராவை அப்படியே நெல் மூட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டு, அன்று சாப்பிடக்கூட இல்லை.

நாலாம் நாள் அத்தைதான் செய்தி கொண்டுவந்தாள். எத்திராஜை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கொடியே காட்டவில்லை என்று பைலட் சொல்லிவிட்டாராம். ஆபீஸர் இல்லாத நேரம் பார்த்து வாட்ச்மேன் எங்கோ போய்த் தூங்கிவிட்டான் என்று ஊரில் பேச்சு.

"தூங்குனானா? நடுப் பாதையில நின்னானே!" என்று மாமனார் எழுந்தே விட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் நெல் மூட்டைகள் பக்கம் போனது.

பொன்னேரி ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் இருட்டறையிலிருந்து ஈரப் படத்தோடு வெளியே வந்தபோது அவர் முகமே சரியில்லை. "இத்த எங்க எடுத்தீங்க?" என்றார்.

படம் அவ்வளவு தெளிவு. எதிரே தாழ்வாக விமானம். நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்திராஜ். சட்டை காற்றில் உப்பியிருக்கிறது. தலைக்கு மேலே விரித்த கொடி. இடது ஓரத்தில் எருமை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால்... படத்தின் கீழ்ப் பாதியில், சிமெண்டுத் தரையில் நீளமாக மூன்று நிழல்கள். ஒன்று கம்பம். ஒன்று வேட்டி கட்டிய ஆள். ஒன்று புடவை கட்டி, இடுப்பில் பெட்டியைப் பிடித்த பெண்.

கம்பம் வேலிக்கு உள்ளே இருக்கிறது. அதன் நிழலுக்குப் பக்கத்தில் எங்கள் நிழல். உள்ளேதான் நின்றோம் என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல.

அன்று மாலையே எத்திராஜ் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்தார். காக்கி இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. பாதி ஆளாகத் தெரிந்தார். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வாணாம் நைனா. கொடி காட்டலேன்னா வேல போவும். ஆள உள்ள உட்டு போட்டா புடிக்க உட்டேன்னு தெரிஞ்சா ஜெயிலு. உங்களியும் இஸ்துக்கினு போயிடுவானுங்க. நா ஏரிக்கே போயிடறேன். வல போடத் தெரியாதா எனுக்கு?"

சிரித்தார். 

அவர் போனபிறகு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. ஆறரை மணி ரயிலில் வந்து இறங்கிய என் வீட்டுக்காரருக்கு அன்றுதான் முழு விஷயமும் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"அப்பா, நான் கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல இருக்கேன். உங்க மேலேயும் இவ மேலேயும் கேஸ் வந்தா என் வேலை என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

நியாயமான கேள்விதானே?   அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். இத்தனை நாளும் அந்தக் கேமராவை ஏரியில் எறியச் சொன்னவள் அவள்தான்.

"அவன் பொண்டாட்டி அவன தண்ணிலேர்ந்து இஸ்து கரையில போட்டு வெச்சிருக்கா. நீங்க ரெண்டு பேரும் உள்ள பூந்து வேடிக்க பாத்துட்டு, அவன திரும்ப தண்ணிக்கு அனுப்புவீங்களா? உன் வேல உனுக்கு எப்டியோ அவனுக்கும் அப்டிதாண்டா. போயி சொல்லிட்டு வாங்க. வர்றது வரட்டும்."

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். 

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தகரக் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. வெளியே பெஞ்சில் எத்திராஜ். எங்களைப் பார்த்ததும் 'போங்க, போங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினார். மாமனார் அவரைத் தாண்டி நேரே உள்ளே போனார்.

எங்களிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷர். கீழ்ப் பாதி நிழலை வெட்டிவிட்டு ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார். முழுசாக ஒன்று என் கைப்பையில். முதலில் வெட்டினதைக் கொடுப்பது, கேட்டால் மட்டும் மற்றது என்று முடிவு. அவ்வளவு தைரியம்தான் இருந்தது எங்களுக்கு.

அதிகாரி படத்தை வாங்கினார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தான் சார்" என்றார் மாமனார். சொல்லிவிட்டுக் கேமராவை மேஜைமேல் வைத்தார். "வேலி கம்பிய தூக்கிக்கினு நானா உள்ள பூந்துட்டேன் சார். எத்திராசுக்கு ஒண்ணியும் தெரியாது."

அதிகாரி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கேமராவில சதுரமாத்தான் படம் விழும். இது சதுரமா இல்லையே. மிச்சம் எங்கே?"

  அதிகாரி கேமராவை மாமனார் பக்கம் நகர்த்தினார்.

"சும்மா கையில எடுத்துப் பிடிங்க, பார்க்கலாம்."

மாமனார் பிடித்தார். பெட்டி அவர் கையில் கிடுகிடுவென்று ஆடியது. அதிகாரி படத்தைப் பார்த்தார். ஆடுகிற கையைப் பார்த்தார்.

"இந்தக் கையாலயா இந்தப் படம்?"

"நான்தான் சார் எடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"அவ சின்னப் பொண்ணு சார், பொய் சொல்றா!"

"மாமா, சும்மா இருங்க!"

"நீ சும்மா இரும்மா!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் அதிகாரி.

கைப்பையிலிருந்து முழுப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூன்று நிழல்களோடு. இனி மறைக்க என்ன இருக்கிறது? ஜன்னல் வழியே பார்த்தேன். எத்திராஜ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ஒரு பென்சிலை எடுத்து எங்கள் நிழலின் நீளத்தை அளந்தார். எழுந்து வாசலுக்குப் போய், ஓடுபாதையைப் பார்த்து நின்றார். பிறகு திரும்பி வந்து, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

"நிழல் முழுக்க விமானத்தைப் பார்த்து நீண்டிருக்கு. அப்படின்னா சூரியன் நேரா பைலட் கண்ணுல. கொடி இருந்திருக்கு. அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவரும் பொய் சொல்லல, இந்த ஆளும் பொய் சொல்லல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாங்கள் எந்த நிழலை வெட்டி எறியப் பார்த்தோமோ, அதுதான் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கிறது.

"ஆனா நீங்க ரெண்டு பேரும் செஞ்சது குத்தம்" என்று குரலை உயர்த்தினார். "வேற படம் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாமனார் என்னைப் பார்த்தார். "கீது சார்" என்றார்.

ஆளை விட்டு வீட்டிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துவரச் சொன்னார்கள். அதிகாரி ஒவ்வொரு படமாக எடுத்தார். ஒரு சக்கரம். ஒரு வால். வெறும் வானம். இன்னொரு வானம்.

"இதுல ஒண்ணுலகூட முழு விமானம் இல்லையே!"

"அதெல்லாம் நா எடுத்தது சார். மருமவ எடுத்ததெல்லாம் அடியில கீது. சூப்பரா இருக்கும், பாருங்க!"

என்னை ஜெயிலுக்கு அனுப்ப இதைவிட அன்பாக யாராலும் முடியாது.

அதிகாரி சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். "எதுக்குய்யா இதெல்லாம் உனக்கு? என்ன ஆசை?"

மாமனார் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "அந்த ஓடுபாதைக்கு அடியில எங்கப்பாரு நெலம் ஒன்ற ஏக்கர் கீது சார். சண்டைக்குன்னு எடுத்துக்குனாங்க. அவரு போற வரைக்கும் அதையே பாத்துக்கினு இருந்தாரு. நம்ம எடத்துல யாரு வராங்க, யாரு போறாங்கன்னு ஊட்டுக்காரன் நா பாக்க வாணாமா?"

இரண்டு வருஷமாக அவரோடு நின்று படம் எடுத்திருக்கிறேன். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. கிறுக்கு என்று நானாகவே முடிவு செய்து, அந்தக் கிறுக்கைப் பிடித்துப்போய்க் கூடவே நின்றிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் கேட்கவே கேட்காத கேள்விகள் எத்தனை!

அதிகாரி டின்னை மூடினார். அது அரசாங்கத்துக்குப் போயிற்று. நெகட்டிவும்தான். இனிமேல் எடுக்கமாட்டோம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கேமராவை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "பேரப்பிள்ளைங்களை எடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஒரு கடிதமும் போகவில்லை. ஆனாலும் ஆறு மாதம் அவர் தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நின்றார்.

மூன்றாவது வாரம் எத்திராஜ் காக்கிச் சட்டையோடு திரும்பினார். அவர் மனைவி ஒரு கூடை இறால் கொடுத்தனுப்பியிருந்தாள். அத்தை அதை வாங்கிக்கொண்டு, "இன்னொரு தபா கதவ தொறந்து உட்ட, நானே மேல எழுதிப் போடுவேன்" என்றாள்.

எத்திராஜ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த டகோட்டா வந்தபோது நாங்கள் வெறுங்கையோடு வேலியோரம் நின்றோம். அதற்கே விசில்!

"நைனா, தள்ளிப் போ. கம்பி மேல கைய வெக்காதே."

"பொட்டி இல்லடா! வெறுங்கை!"

"கையும் கம்பி மேல வாணாம்."

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "பாத்தியாம்மா? இவனுக்காகத்தான் டின்ன குடுத்தேன்" என்று முணுமுணுத்தார். டகோட்டா இறங்கி, கொட்டகைக்கு முன்னால் போய் நின்றது. நாங்கள் திரும்பி வரப்பில் நடக்க ஆரம்பித்தோம்.

பின்னால் மறுபடி விசில். எத்திராஜ் ஓடி வந்துகொண்டிருந்தார். வேலியோரம் வந்து மூச்சு வாங்க நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முள்கம்பிக்கு நடுவே இடது கையை நீட்டினார். உள்ளங்கையில் கரித்துண்டால் என்னென்னவோ கோடுகள்.

"ரெக்கையில எழுதியிருந்த நம்பர் நைனா. போர்டுல போட்டாதான் கூடாதுன்னு போட்டுக்கீது. நம்பர் எழுதக்கூடாதுன்னு எங்கியும் போடல. ஜல்தி எழுதிக்கோ, வேர்க்குது."

மாமனார் குனிந்து அந்தக் கையையே பார்த்தார். நான்தான் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தேன். அந்த நோட்டில் அதற்குப் பிறகு வந்த ஒரு விமானம்கூட விட்டுப்போகவில்லை. மழை நாளில் உள்ளங்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு ஓடி வருவார் எத்திராஜ்.

அந்த நோட்டு எதிரி கையில் சிக்கினாலும் நாட்டுக்கு ஒன்றும் ஆகாது — எத்திராஜுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாதி எழுத்து தலைகீழ்!